பாட்டு வராத நாட்களில் பாடுவது மாய்மாலமா?

கேள்வி: என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பத்து மாதம் ஆகிறது. எனக்கு 61 வயது. சின்ன வயதிலிருந்தே பாமாலையும் கீர்த்தனையும் புத்தகம் பார்க்காமல் பாடுவேன். இப்போது ஞாயிறு ஆராதனையில் பாட்டு தொடங்கினாலே தொண்டை அடைக்கிறது. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். "துதிச்சாத்தான் துக்கம் போகும், வாயைத் திறந்து பாடுங்க" என்கிறார்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில். மனதில் இல்லாததைப் பாடினால் அது மாய்மாலம் இல்லையா? சென்னையில் இருக்கும் மகள் வேறொரு சபைக்குப் போகிறாள். அங்கே ஒரு மணி நேரம் கீபோர்டு, டிரம்ஸ் என்று பாட்டுதான். கண்ணை மூடிக்கொண்டு அழுகிறாள். "பிரசன்னம் இறங்கிச்சும்மா" என்கிறாள். எனக்குச் சத்தம்தான் கேட்டது. அது ஆவியானவரா, கீபோர்டா? உண்மையில் கடவுளுக்கு நம் பாட்டு எதற்கு? முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தரச்சொல்லி எங்கள் சபை ஐயர் (போதகர்) கேட்டிருக்கிறார். எதைக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.
— தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

மாய்மாலத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது.

நீங்கள் பாடினால் அது மாய்மாலம் இல்லை. பாடாமல் நின்றால் அது குற்றமும் இல்லை. கடவுள் பாட்டை வேண்டாம் என்று தள்ளிய இடம் வேதத்தில் உண்டு. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் 5-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். பாடியவர்களுக்குக் கண்ணீர் வரவில்லை என்றா அப்படிச் சொன்னார்? அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள். தரித்திரனை மிதித்து, அவன் கையிலிருந்து தானியத்தைப் பிடுங்கி, ஊர் வாசலில் ஏழையின் நியாயத்தைப் புரட்டிவிட்டு வந்து பாடினார்கள். குற்றச்சாட்டு அதுதான். வட்டிக்கு விட்டு ஊரை உறிஞ்சுகிறவர் முன்வரிசையில் கையை உயர்த்திப் பாடினால், அவருக்கு ஆமோஸிடம் பதில் இருக்கிறது. கணவரை இழந்த ஒரு பெண் உணர்வே இல்லாமல் ஒரு சரணத்தை முணுமுணுத்தால், அவரைக் கண்டிக்க ஆமோஸிடம் ஒரு சொல்கூட இல்லை.

பாட்டு என்றால் அந்த நிமிடம் நம் மனதில் இருப்பதைக் கொட்டுவது என்று எப்படியோ பழகிவிட்டோம். சினிமாப் பாட்டு அப்படித்தான். காதல் கூடினால் ஒன்று, முறிந்தால் ஒன்று. சபையின் பாட்டை அப்படி எடுத்துக்கொண்டால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பாதிப் பேர் வாயைத் திறக்க முடியாது. ஒரு பெஞ்சில் பேரன் பிறந்த குடும்பம் உட்கார்ந்திருக்கும், பின்பெஞ்சில் பயாப்ஸி முடிவுக்குக் காத்திருப்பவர் இருப்பார். இரண்டு பேர் மனதுக்கும் ஒரே பாட்டு பொருந்துமா? அதனால்தான் பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் "ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" பாடுங்கள் என்கிறார். பாட்டு கர்த்தருக்கு ஏறெடுக்கப்படுகிறது, சரி. அதே நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடமும் பேசுகிறது. இத்தனை வருடம் நீங்கள் பாடிக்கொண்டிருந்தபோது, பாட முடியாத யாரோ ஒருவர் உங்கள் பின்னால் நின்று உங்கள் குரலைக் கேட்டிருப்பார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். சபை உங்களுக்குப் பாடுகிறது.

பிலிப்பி சிறைச்சாலைக் கதையை நீங்கள் நூறு பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடுகிறார்கள், பூமி அதிர்கிறது. பிரசங்கிகள் எல்லாரும் பூமியதிர்ச்சிக்கு ஓடிவிடுகிறோம். நடுவில் லூக்கா ஒரு வரி எழுதியிருக்கிறார்: "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." அந்தக் கைதிகள் பாடியதாக அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வசனத்தில் எல்லாருடைய கட்டுகளும் கழன்றுபோகின்றன. பாடிய இரண்டு பேருடையது மட்டும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களுடையதும்.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருக்கிற இன்னொரு கதையைச் சொல்லவேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எல்லாக் கேள்விகளும் இதற்குள் இருக்கின்றன.

386-ஆம் ஆண்டு, இத்தாலியின் மிலான் நகரம். சிறுவயதுப் பேரரசரின் தாய் யுஸ்தினா, நகரத்தின் தேவாலயம் ஒன்றை ஆரியஸ் என்பவரின் கொள்கைக்காரர்களுக்கு (கிறிஸ்து பிதாவுக்குச் சமமான கடவுள் இல்லை என்றவர்கள்) கொடுக்கச் சொல்லி நெருக்கினார். பேராயர் அம்புரோஸ் மறுத்தார். மக்கள் ஆலயத்துக்குள்ளேயே அவரோடு இரவும் பகலும் காவல் இருந்தார்கள், செத்தால் அவரோடு சாவோம் என்று. அந்தக் கூட்டம் துக்கத்திலும் சோர்விலும் வாடிப்போகாதபடி, கிழக்கத்திய சபைகளின் வழக்கப்படி சங்கீதங்களும் பாட்டுகளும் பாட ஏற்பாடு செய்தார்கள். மேற்கத்திய சபையில் மக்கள் சேர்ந்து பாடும் வழக்கம் வேர் பிடித்ததற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். ஆலயத்தில் விழித்திருந்தவர்களில் மோனிக்கா என்ற விதவைத் தாயும் ஒருவர். அவருடைய மகன்தான், பிற்பாடு திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டின். இதையெல்லாம் பிற்பாடு எழுதிவைத்தவரும் அவரே.

மறு வருடம் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். அந்த நாட்களில் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டதாகச் சொல்கிறார். அதே வருடம், ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற ரோமுக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் காத்திருந்தபோது மோனிக்கா காய்ச்சலில் இறந்துபோனார். பேரன் கதறினான், அவனை அடக்கினார்கள். பிறகு எவோடியஸ் என்ற நண்பர் சங்கீதப் புத்தகத்தை எடுத்து 101-ஆம் சங்கீதத்தைத் தொடங்க, வீடே பதில் பாடியது: "இரக்கத்தையும் நியாயத்தையும் குறித்துப் பாடுவேன்." நம் பக்கத்துத் துக்க வீடுகளில் பாமாலை பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே காட்சிதான். அகஸ்டின் மட்டும் அழவில்லை. விசுவாசி அழலாமா என்று தன்னைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடக்கத்திலும் அழவில்லை. துக்கம் தீருமா என்று குளித்துப் பார்த்தார், தீரவில்லை. தூங்கினார். விழித்தபோது படுக்கையில் தனியாக இருந்தவருக்கு அம்புரோஸ் எழுதிய மாலைப் பாட்டு ஒன்றின் வரிகள் நினைவுக்கு வந்தன. பகலுக்கு ஒளியையும் இரவுக்குத் தூக்கத்தையும் தந்த படைப்பாளரைப் பற்றிய பாட்டு அது. அதன் பிறகுதான் அம்மாவை நினைத்து அழுதார்.

கவனியுங்கள், அம்மா. வீடே பாடியபோது அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அவரை வாயைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதாகவும் தெரியவில்லை. முன்பே மனதில் ஏறியிருந்த ஒரு பாட்டு, தானாக, தன் நேரத்தில் வந்தது. வந்து துக்கத்தைத் துடைத்துவிடவும் இல்லை. அழவைத்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லும் புத்திமதியோடு எனக்கு இங்கேதான் சண்டை. அவர்கள் அன்பினால் சொல்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் துக்கத்தை விரட்டுகிற மருந்தாகத் துதியை வேதம் எங்கே கொடுக்கிறது? 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. அது கடைசியில் பாட்டுக்கு வருகிறது, உண்மை. 88-ஆம் சங்கீதம் அங்கேயும் வருவதில்லை. இருட்டில் தொடங்கி, சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போன இருட்டிலேயே முடிகிறது. அதன் தலைப்பைப் பாருங்கள்: இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. யாரோ ஒருவர் தனியறையில் எழுதி ஒளித்துவைத்த புலம்பல் இல்லை அது. கொயர் மாஸ்டரிடம் கொடுத்து, சபை நடுவில் பாட வைத்த பாட்டு. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் சின்ன மூலையில் இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. நம்முடைய இன்றைய பாட்டுத் திட்டங்களில் அந்தப் பங்கு எங்கே போயிற்று என்று பாடற்குழுக்களை நடத்துகிறவர்கள் யோசிக்கவேண்டும். புலம்பலுக்கு லெந்து (தவக்காலம்) நாற்பது நாளை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி வருடம் முழுக்க ஜெயம், ஜெயம் என்று பாடினால், ஜூலையில் கணவரைப் பறிகொடுத்தவர் என்ன செய்வார்?

சரி, கடவுளுக்கு நம் பாட்டு எதற்கு?

அவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்று 50-ஆம் சங்கீதத்தில் பலிகளைப் பற்றி அவரே சொல்லிவிட்டார், பாட்டுக்கும் அது பொருந்தும். புகழ்ந்தால் இறங்கிவருவார், புகழாவிட்டால் வரமாட்டார் என்பது அரசியல்வாதியின் குணம். ஆனாலும் திருச்சபை தொடக்கத்திலிருந்தே பாடிக்கொண்டுதான் இருக்கிறது. சுமார் 112-ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டு ரோமப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதிகாரியின் கண்ணில் பட்ட முக்கிய அடையாளங்களில் பாட்டும் ஒன்று.

பேச்சு செய்ய முடியாத ஒன்றைப் பாட்டு செய்கிறது என்பதே என் புரிதல். இருநூறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை. அதே இருநூறு பேர் ஒரே வரியை, ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே இடத்தில் நிறுத்திப் பாடலாம். அப்போது "நான் நம்புகிறேன்" என்பது "நாம் நம்புகிறோம்" என்று உடம்பளவில் நடக்கிறது. போதகர், நாடார், தலித், பணக்காரர், மருமகள், மாமியார் எல்லாரும் அந்த நான்கு நிமிடம் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். (வெளியே வந்ததும் என்ன ஆகிறது என்பதைத்தான் ஆமோஸ் கேட்கிறார்.)

அப்புறம் நினைவு. போன வாரப் பிரசங்கத்தின் மூன்று தலைப்புகளைச் சொல்லச்சொன்னால் பிரசங்கித்த எனக்கே திணறும். ஐம்பது வருடத்துக்கு முன் ஓய்வுநாள் பள்ளியில் படித்த பாட்டு உங்களுக்கு அப்படியே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அவர்களுடைய வேதபாடம் காதுவழியாகத்தான் ஏறியது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில், படைப்பிலிருந்து உயிர்த்தெழுதல் வரை ஒரு முழு இறையியல் வகுப்பே இருக்கிறது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பாடி அது உள்ளே போய்விடும். ஞாபகமறதி நோய் முற்றி, பெற்ற மகளின் பெயரே மறந்துவிட்ட முதியவர்களிடம் போய் ஒரு பழைய பாமாலையைத் தொடங்கிப் பாருங்கள், உதடு அசையும். இதை ஊழியத்தில் இருக்கிற எல்லாரும் கண்டிருப்பார்கள். நல்ல நாளில் பாடிச் சேர்த்துவைப்பது கெட்ட நாளில் கைக்கு வரும். அகஸ்டினுக்கு ஓஸ்தியாவில் வந்தது மிலானில் சேர்த்தது.

"பாடுகிறவன் இரண்டு தடவை ஜெபிக்கிறான்" என்று அகஸ்டின் சொன்னதாகப் பாடற்குழு ஆண்டுவிழா மேடைகளில் தவறாமல் கேட்கலாம். அந்த வாக்கியம் அவர் எழுத்துகளில் அப்படியே கிடையாது. அவர் உண்மையில் எழுதியது அதைவிடச் சுவாரசியமானது, அதற்கு மகள் விஷயத்தில் வருகிறேன்.

எல்லாரும் பாட்டை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் நினைக்கவேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் திருச்சபைச் சீர்திருத்தத்தை நடத்திய சுவிங்கிலி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் ஆராதனையிலிருந்து இசையை மொத்தமாக நிறுத்திவிட்டார். அங்கே சபைப் பாட்டு திரும்ப வர 1598 வரை ஆயிற்று. இந்தப் பக்கம் ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1524-லிலேயே மக்கள் மொழியில் பாட்டுப்புத்தகம் போட்டுவிட்டார். நான் லூத்தர் கட்சி. ஆனால் சுவிங்கிலியின் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அதே பயம் அகஸ்டினுக்கும் இருந்தது. மிலானில் பாட்டைக் கேட்டு அழுத அதே மனிதர், சுமார் பத்து வருடம் கழித்துத் தன் மனதைச் சோதித்துப் பார்க்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் என்னை அதிகமாக அசைத்தால் நான் பாவம் செய்கிறேன், அப்போது அந்தப் பாட்டைக் கேட்காமலிருப்பதே மேல் என்கிறார். உடனே, ஆனால் என்னை மீட்டது அந்தப் பாட்டல்லவா என்றும் நினைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அல்லாடிவிட்டு, கடைசியில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கம்தான் சாய்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1761-இல் சபைகளுக்குப் பாடும் விதிகள் எழுதினார். எல்லாரும் பாடுங்கள், சத்தமாகப் பாடுங்கள், ஆனால் கத்தாதீர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பாடும் சொற்களின் பொருளைக் கவனியுங்கள், ஓசை மனதை இழுத்துக்கொண்டு போகவிடாதீர்கள் என்று முடிக்கிறார்.

ஆக, உங்கள் மகளுக்கு வருவது ஆவியானவரா, கீபோர்டா? இசை கற்றவனாக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீளமாக நிற்கும் பேட் ஓசை, நான்கே கார்டு சுற்றிச் சுற்றி வருவது, ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுவது, டிரம்ஸ் மெல்ல ஏறுவது, உச்சத்தில் அரைச்சுருதி உயர்த்துவது, விளக்கைக் குறைப்பது. இவையெல்லாம் சேர்ந்தால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். சினிமாக் கச்சேரியிலும் சிலிர்க்கும். அதனால் சிலிர்ப்பைப் பிரசன்னத்துக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது. நம் பெரிய கோவில்களில் பைப் ஆர்கனின் அடிக்குழாய் பெஞ்சை அதிரவைக்கும்போது நமக்கு வருகிற பக்தியும் இதே கணக்குதான், அதை மட்டும் பரிசுத்தம் என்று சொல்லிக்கொள்வது நியாயமில்லை. ஆவியானவர் ஆர்கனையும் கீபோர்டையும் பயன்படுத்துவார், இரண்டும் இல்லாமலும் கிரியை செய்வார். மேடையில் இருப்பவர்கள் மட்டும் பாடி, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா? வார்த்தைகளில் கிறிஸ்துவின் சிலுவையும் உயிர்த்தெழுதலும் இருக்கிறதா, எனக்கு எனக்கு என்று மட்டும் இருக்கிறதா? பாடிவிட்டு வந்த பிறகு திங்கட்கிழமை மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இவற்றைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் கணவரை இழந்த அதே நாளில் உங்கள் மகள் அப்பாவை இழந்தாள். பத்து மாதமாக அவள் எங்கே அழுகிறாள்? ஃபோனில் உங்களிடம் பேசும்போது, அம்மா உடைந்துவிடக்கூடாதே என்று அடக்கிக்கொண்டிருக்கலாம். அலுவலகத்தில் அழ இடம் இல்லை. கண்ணை மூடி, யாரும் பார்க்காத இருட்டில், பாட்டு நடுவில் அழுகிறாள் என்றால் அதை நான் கீபோர்டின் வேலை என்று தள்ளமாட்டேன். பிரசன்னமா இல்லையா என்ற விவாதத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். "அங்க அழும்போது அப்பா ஞாபகம் வருதாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவேண்டியது நிறைய இருக்கும்.

உங்களுக்கு: இப்போதைக்குப் பாட முயலவேண்டாம். புத்தகத்தைத் திறந்து வரிகளைக் கண்ணால் தொடருங்கள், அதுவும் பாடுவதில் சேர்த்திதான். வீட்டில் காலையில் 13, 77, 88 ஆகிய சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள், ராகம் வேண்டாம். துதியில்தான் முடிக்கவேண்டும் என்றும் இல்லை. தூக்கமும் சாப்பாடும் இன்னும் கெட்டுப்போய்க் கிடந்தால் மருத்துவரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. இன்னொரு சின்ன விஷயம், தொண்டை அடைப்பதற்குத் துக்கம் மட்டுமே காரணமாக இருக்கவேண்டியதில்லை. அறுபதைத் தாண்டினால் பெண்களின் குரல் இறங்கும். இளம் பையன்கள் தங்கள் குரலுக்கு வசதியாக உயரமான சுருதியில் எடுத்தால் உங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள்.

நினைவு ஆராதனைக்கு நான்கு பாட்டு போதும். ஸ்தோத்திர ஆராதனை என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும் நான்கும் ஸ்தோத்திரப் பாட்டாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒன்று உங்கள் கணவர் வேலை செய்துகொண்டே முனகிய பாட்டாக இருக்கட்டும், அது எவ்வளவு சாதாரணப் பாட்டாக இருந்தாலும் சரி. ஒன்று உயிர்த்தெழுதலைப் பற்றியது. ஈஸ்டருக்கு மட்டும் பாடுவது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கல்லறையை வைத்துக்கொண்டு பாடத்தான் அது எழுதப்பட்டது. ஒன்று பெரிய வெள்ளி ஆராதனையில் பாடும் சிலுவைப் பாட்டு. நான்காவதை மகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவள் சபைப் பாட்டாக இருந்தால் இருக்கட்டும். முதல் பாட்டுக்கு முன்னால் 13-ஆம் சங்கீதத்தை ஐயர் ஒரு வசனமும் சபை ஒரு வசனமுமாக மாறி மாறி வாசிக்க முடியுமா என்று கேளுங்கள். எந்தப் பாட்டையும் நீங்கள் தொடங்கவேண்டாம், அந்தப் பொறுப்பைப் பாடற்குழுவில் ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் எல்லாப் பாட்டையும் இரண்டு அரைச்சுருதி இறக்கி எடுக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை அழுத்துகிற வேலைதான், மாட்டேன் என்று சொல்லமாட்டான்.